பேர் கேட்காத மாடி

கம்ப்யூட்டர் திரையில் நாம் டில்லியைப் பார்த்தால் டில்லியும் நம்மைப் பார்க்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். தூக்கக் கலக்கத்தில் தோன்றி மறைந்த எண்ணம் என்று நினைக்காதீர்கள். பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, அரசு அலுவலகத்தில் தற்காலிக உதவியாளராக உட்கார்ந்திருந்த ஒருவன் ஆற அமர யோசித்து வந்து சேர்ந்த முடிவு. டி.வி. ஒருவழிப் பாதை. அவர்கள் காட்டுவார்கள், நாம் பார்ப்போம். இன்டர்நெட்டில் நாம் எழுதுவது அங்கே போகிறது, அவர்கள் எழுதுவது இங்கே வருகிறது. எழுத்து போய்வருகிற கம்பியில் மூஞ்சி மட்டும் போகாதா என்ன? அதுவும் அந்தக் காலத்தில் கம்பியே அரசாங்கத்தின் கம்பி.

ஆகவே பிரௌசிங் சென்டருக்குக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு போனேன். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும். கோயமுத்தூர் குளிர்ச்சியான ஊர்தான். சித்திரை மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குக் குரங்குக் குல்லா போடுகிற அளவுக்குக் குளிர்ச்சியான ஊர் இல்லை. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். காந்திபுரத்தில் இறங்கியதும், சென்டருக்குக் கீழே இருந்த பேக்கரியின் டீ மாஸ்டர், "ஏனுங்க, காதுல ஆபரேசனுங்களா?" என்று கவலையோடு விசாரித்தார். மாடி ஏறினேன். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் மின்விசிறியை என் பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு, "ரண்டாம் நம்பர் காலியா இருக்குதுங்க" என்றார்.

அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நாகரிகம் கருதி அவர் பெயரை மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஏறக்குறைய ஒரு வருடம் அந்த மாடியில் குடியிருக்காத குறையாக இருந்தேன். அவர் என் பெயரைக் கேட்கவில்லை. தன் பெயரைக் கேட்க எனக்கு இடமும் கொடுக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இது லேசுப்பட்ட காரியமில்லை. கொங்கு நாட்டில் ஒரு மனிதரைப் பார்த்தால் முதல் கேள்வி "எந்தூருங்க?". அடுத்தது, யார் வீடு என்று, "அங்க ஆரூட்டுலீங்க?". மூன்றாவது, குரலைக் கொஞ்சம் தணித்து, "என்ன கூட்டமுங்க?". கூட்டம் என்றால் குலப் பிரிவு. அதைச் சொல்லிவிட்டால் போதும், நீங்கள் பங்காளியா, பெண் கொடுத்து எடுக்கிற முறையா, எந்தக் கோயிலுக்குக் கிடா வெட்டுகிறவர் என்பதெல்லாம் கேட்டவருக்கு விளங்கிவிடும். கூட்டம் எதுவும் சொல்ல முடியாத வேற்றாள் என்றால் அதுவும் விளங்கிவிடும். வீட்டுக்குள் கூப்பிடுவதா, வாசலோடு பேசி அனுப்புவதா என்பதும் அப்போதே முடிவாகிவிடும். எல்லாம் மரியாதையாகத்தான். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு 'ங்க' இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் கடை வைத்துக்கொண்டு, வருகிறவர்களை எந்த ஊர் என்றுகூடக் கேட்காத ஒரே ஆள் அந்த அக்கா. ஐம்பதைத் தொட்டிருப்பார். பருத்திச் சேலை, ஒரு பக்கமாகத் தேய்ந்த ரப்பர் செருப்பு, எப்போதும் லேசாகச் சாய்ந்த தலை. இருபது வருடத்துக்கும் மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக்கொடுக்கும் ஆபரேட்டராக இருந்து, காதில் ஹெட்போன் மாட்டி மாட்டித் தலை அப்படிச் சாய்ந்துவிட்டது என்பார். டயல் செய்தாலே வெளியூர் கிடைக்கிற காலம் வந்ததும் விருப்ப ஓய்வு வாங்கி, வந்த பணத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பிளைவுட் தடுப்பு, பூப்போட்ட திரைத்துணி. யாருக்கும் பெயர் கிடையாது. உட்கார்ந்த இடம்தான் பெயர். நேரம் முடிந்தால் பிளைவுட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "மூணு, டைம் ஆச்சுங்க" என்பார்.

மூலையில் ஒரு எஸ்.டி.டி. போனும் இருந்தது. யாராவது அதில் பேச ஆரம்பித்தால் அக்கா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். பேசுகிறவர் பாட்டுச் சத்தம் தாங்காமல் தன் குடும்ப விவகாரத்தைக் கத்திக் கத்திச் சொல்வார். கீழே பேக்கரி வரைக்கும் கேட்கும். அக்காவுக்கு மட்டும் கேட்காது.

"காது ரொம்பிப் போச்சுங்க" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "இந்த ஊருல ஆரு ஆரைக் கூப்புட்டு என்ன பேசுனாங்கன்னு அம்புட்டும் கேட்டாச்சு. இனி ஒரு சொட்டு ஊத்துனாலும் வழிஞ்சிருமுங்க."

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், துபாயில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வந்தார். மோடம் கோழி கழுத்தைத் திருகுகிற சத்தம் போட்டு லைனைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்த நேரத்தில் பேச்சுக்கொடுத்தார்.

"அம்மணிக்கு எந்தூரு?"

"இந்த மாடிதானுங்க."

"அது சரி. பொறந்த ஊரு?"

"ஆஸ்பத்திரிங்க."

பெரியவர் விடுகிற ஆளில்லை. "என்ன கூட்டம்னு தெரிஞ்சுக்கலாமுங்களா?"

"அதைச் சொன்னா மெயில் வெரசாப் போயிருங்களா?"

 போகாது என்பது பெரியவருக்கே புரிந்துவிட்டது. அடுத்த வாரமும் அதே கடைக்குத்தான் வந்தார்.

கோட்டைமேட்டிலிருந்து ஒரு பாய் வருவார். இரும்புச் சாமான் வியாபாரி. அந்த வருடங்களில் குண்டு வெடித்து ஊர் பட்ட பாட்டுக்குப் பிறகு எங்கே போனாலும் சோதனை. ரயில்வே ஸ்டேஷனில் டிபன் கேரியரைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மற்ற சென்டர்களில் பாயின் பெயரைக் கேட்டதும், தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே, "கரண்ட் இல்லீங்க" என்பார்களாம். அக்கா கடையில் அவர் ஆறாம் நம்பர். ஆறாம் நம்பருக்கு எப்போதும் கரண்ட் இருந்தது.

சனிக்கிழமைகளில் பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் வரும். தோளில் கல்லூரிப் பை, முகத்தில் ஒரு அவசரம். இரண்டு விரலால் மெல்ல மெல்லத் தட்டச்சு செய்யும். எனக்கு நாக்கு அரித்தது. "அக்கா, அந்தப் புள்ளை ஆருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நாலாம் நம்பருங்க" என்றார் அக்கா.

என் கதைக்கு வருகிறேன். தற்காலிக உதவியாளர் என்றேன் அல்லவா? என்னை நிரந்தரமாக்குகிற ஃபைல் எங்கள் அதிகாரியின் மேஜையில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் ஓய்வு பெறும்வரை ஒன்றாம் தேதி சம்பளம். போடாவிட்டால் சோமனூரில் மாமாவின் தறிக் குடோனில், விசைத்தறிச் சத்தத்தில் காதை அடகுவைத்துவிட்டு நூல் போட வேண்டும். இந்த நிலைமையில் இருக்கிறவன் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் மூடிக்கொண்டுதான் இருந்தேன். விரலைத்தான் மூட முடியவில்லை.

அமெரிக்காவில் இருந்த நம் பக்கத்துக்காரர்கள் சிலர் சேர்ந்து இன்டர்நெட்டில் ஒரு பலகை நடத்தினார்கள். ஊர்க்காரர்கள் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் எழுதலாம். நான் 'சந்தை மாடு' என்ற பெயரில், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் போட்டு, எங்கள் அதிகாரியைப் பற்றி எழுதினேன். அரசாங்க ஜீப் அவருடைய பொள்ளாச்சித் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிவருவதையும், அவிநாசிக்குத் தேர் பார்க்க மாமியாரை ஏற்றிப்போவதையும், மத்தியானம் இரண்டிலிருந்து மூன்றுவரை 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதிய ஃபைலை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அவர் தூங்குவதையும் எழுதினேன். அமெரிக்காவில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புகழ் தலைக்கு ஏறியது. அரசு ஊழியன் அரசாங்கத்தைப் பற்றி வெளியில் எழுதினால் என்ன ஆகும் என்பதும் கூடவே ஏறியது. அதற்குத்தான் அந்தக் குல்லா. அது போதாதென்று இடது கையால் மட்டும் டைப் அடித்தேன். கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது அல்லவா? எழுதி முடித்ததும் கீபோர்டில் இருக்கும் கைரேகையைக் கர்ச்சீப்பில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அடுத்து உட்கார்ந்தவர், "அக்கா, இந்தப் பட்டனெல்லாம் வழுக்குதுங்க" என்று புகார் செய்தார். அக்கா ஒரு துணியை எடுத்துவந்து துடைத்தார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் பலகையில் டெக்சாஸ் மாமன் என்ற பெயரில் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சந்தை மாடு, நொம்ப நல்லா எழுதறீங்க. எந்தூருங்க?"

மரியாதைக்காரர் கேட்கிறார். சோமனூர்ப் பக்கமுங்க என்றேன்.

"அடடே. என்ன கூட்டமுங்க?"

சொன்னேன்.

"கோயிலு எதுங்க, பெரிய கோயிலா, ஆத்தங்கரைக் கோயிலுங்களா?"

ஆத்தங்கரைதானுங்க என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியபிறகுதான் உறைத்தது. வெயிலில் குல்லா போட்டு, ஒற்றைக் கையால் அடித்து, எண்ணெய் போட்டுத் துடைத்து அரசாங்கத்திடம் மறைத்த அத்தனையையும், 'ங்க' போட்டுக் கேட்டார் என்பதற்காக யாரோ ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம் வரிசையாக ஒப்பித்திருக்கிறேன். அந்த மூன்று பதிலும் தெரிந்தால் எங்கள் ஜில்லாவில் என்னை ஒரு கிழவர் கட்டிலில் படுத்தபடியே கண்டுபிடித்துவிடுவார். டெக்சாஸ் மாமன் எங்கள் அதிகாரியின் சொந்தக்காரராக இருந்தால்?

அக்காவிடம் ஓடினேன். "அக்கா, அனுப்புனதைத் திருப்பி வாங்க முடியுங்களா?"

"டிரங்க் கால்லயே பேசுனதைத் திருப்பி வாங்க முடியாதுங்க கண்ணு."

"இல்லீங்க அக்கா, என்னாச்சுன்னா நான் வந்து..."

அக்கா ரேடியோவைக் கூட்டினார்.

மறுவாரம் எங்கள் அதிகாரி என்னை அறைக்குக் கூப்பிட்டார். வழக்கமாக மணியடித்துக் கூப்பிடுகிறவர், அன்று கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். என் ஃபைல் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"காந்திபுரத்துல ஒரு பேக்கரி மாடியில கம்ப்யூட்டர் கடை இருக்குதாமா. நீங்க அங்க போவீங்கன்னு பியூன் சொன்னான்."

"நானுங்களா சார்? இல்லவே இல்லீங்க. எனக்கு அந்த டி.வி. வெளிச்சமே ஆகாதுங்க. கண்ணுல தண்ணி கொட்டுமுங்க."

சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. அதிகாரி என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு "சரி, போங்க" என்று மட்டும் சொன்னார். ஃபைலைத் தொடவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று முடிவு செய்துவிட்டேன். புத்தியுள்ளவன் அதற்குமேல் அந்த மாடிப் பக்கமே போகமாட்டான். நான் அன்று சாயங்காலமே போனேன். பலகையில் எழுதியதையெல்லாம் அழித்துவிடலாம் என்று திட்டம். அழிக்க வழியில்லை என்று திரை சொல்லிக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

திரைத்துணி இடுக்கில் பார்த்தேன். சப் இன்ஸ்பெக்டர்.

"ஏனுங்க, நீங்கதான் ஓனருங்களா?"

"ஆமாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"டீயெல்லாம் வேண்டாமுங்க. இங்க ஆராரு வாராங்க?"

"நெறையப் பேரு வாராங்க."

"பேரு?"

"தெரியாதுங்க."

"ஊரு?"

"அதும் தெரியாதுங்க."

"என்னுங்க இது? டீக்கடைக்காரன் கூட நாலு நாள் தொடர்ந்து போனா ஊரு, பேரு கேட்டுப்போடறான். நீங்க எப்படிங்க கேக்காம இருக்கறீங்க?"

"பழகிப்போச்சுங்க."

"நாளைக்குக் கவர்மெண்டு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"நானும் கவர்மெண்டுல இருந்தவதானுங்க சார். கேட்டா, தெரிஞ்சதைச் சொல்லித்தான் ஆகோணும். அதனாலதான் ஒண்ணும் தெரிஞ்சுக்கறதில்லீங்க."

 பிறகு பூட்ஸ் என் பக்கமாக நடந்து வந்தது. திரைத்துணிக்குக் கீழே அதன் நுனி தெரிந்தது. நன்றாகப் பாலிஷ் போட்ட பூட்ஸ்.

"உள்ள இருக்கறவரே, சித்த வெளிய வாங்க. உங்க பேரு என்னுங்க?"

எனக்கு என் பெயரே மறந்துபோனது. சந்தை மாடு என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

"சார்" என்றார் அக்கா, இருந்த இடத்திலிருந்தே. "ரண்டாம் நம்பருக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க. காசு குடுத்து உக்காந்திருக்கறவங்களை நடுவுல எழுப்புனா மொறையில்லீங்க. முடிச்சுப்போட்டு வரட்டுங்க. நீங்களே கேட்டுக்குங்க."

வேறு ஊராக இருந்தால் திரைத்துணி கிழிந்திருக்கும். எங்கள் ஊர் எஸ்.ஐ. ஒரு நொடி தயங்கினார். முறையில்லை என்று சொன்னபிறகு அதைச் செய்வது எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். "சரிங்க, இருக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

என் நேரம் முடிந்தது. பிளைவுட்டில் இரண்டு தட்டு. "ரண்டு, டைம் ஆச்சுங்க."

"இன்னொரு அரை மணி நேரமுங்க" என்றேன். குரலை மாற்றிப் பேசியதில் அது சளி பிடித்த ஆட்டின் குரலாக வந்தது.

எஸ்.ஐ. டீ சொன்னார். அரை மணி நேரம் போனது. தட்டு. "இன்னொரு அரை மணி நேரமுங்க." எஸ்.ஐ. தேங்காய் பன் வரவழைத்தார். தட்டு. "இன்னும் அரை மணி." எஸ்.ஐ. அக்காவிடம், "உள்ள அப்படி என்னத்தப் பாக்கறாருங்க?" என்று கேட்டார். "எனக்கெதுக்குங்க அது?" என்றார் அக்கா. உள்ளே நான், அழிக்க வழியில்லை என்கிற ஒரே வாசகத்தை ஒன்றரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவருடைய வயர்லெஸ் கரகரத்தது. யாரோ மந்திரி வருகிறார், பந்தோபஸ்துக்கு வரச்சொல்லி உத்தரவு. எழுந்தார்.

"அம்மணி, ஒரு வாரம் டைம் தாரனுங்க. வர்றவங்க பேரு, அப்பன் பேரு, ஊரு எல்லாம் கேட்டு எனக்குச் சொல்லோணும். இல்லீன்னா கடையைச் சாத்திப்போடுவோமுங்க."

கடையைச் சாத்துவதற்கும் ஒரு 'ங்க' போட்டுவிட்டுப் போனார்.

நான் வெளியே வந்தேன்.  "அக்கா, அவரு வந்தது என்னையத் தேடித்தானுங்க. நான் என்ன பண்ணுனேன்னா..."

அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நிறுத்துங்க தம்பி. சொல்லிப்போட்டீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுபோயிரும். தெரிஞ்சா அடுத்த வாரம் அவரு கேக்கறப்பச் சொல்லோணும். பொய் சொல்ல எனக்கு வராதுங்க."

"அப்ப ஏதாச்சு பொய்ப் பேராச் சொல்லிருங்க அக்கா. முருகன், சுப்பிரமணின்னு பத்துப் பேரைச் சொன்னா ஆரு வந்து பாக்கப்போறாங்க?"

"நாஞ் சொன்ன பேருல நெசமாவே ஒருத்தரு இருந்துட்டா?"

 அக்கா மோடத்தை அணைத்தார். அன்றைக்கு வேறு யாரும் இல்லை. அவராகவே பேசினார், அவர் தன்னைப் பற்றி மனம்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"எக்ஸ்சேஞ்சுல சேந்த புதுசுங்க. நாடு பூரா நெருக்கடின்னு இருந்த காலம். ஆபீசர் ஒருத்தரு வந்து, இந்த நம்பர்ல இருந்து எந்தெந்த ஊருக்குப் போன் போகுதுன்னாரு. எனக்குத் தெரியுமுங்க. சேலத்துக்குப் போகும், ஒரே நம்பருக்குத்தான். சொல்லிப்போட்டேன். கவர்மெண்டு கேக்குது, கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கறேன், சொல்லாம என்ன பண்றது? அந்த நம்பர்க்காரரு லைன்ல வந்தா, 'அம்மணி நல்லா இருக்கறீங்களா'ன்னு என்னைய விசாரிச்சுப்போட்டுத்தான் சேலமே கேப்பாரு."

"அப்பறமுங்க?"

"அப்பறம் அந்த நம்பர்ல இருந்து ஆரும் கூப்புடலீங்க."

அவ்வளவுதான். எழுந்து ஒவ்வொரு திரைத்துணியாக நேர்செய்ய ஆரம்பித்தார்.

அந்த வாரம் அக்கா கேட்டுப்பார்க்க முயன்றதை நான் கண்ணால் பார்த்தேன். கோட்டைமேட்டு பாய் உள்ளே வந்தார். அக்கா நிமிர்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "உங்க..." என்று ஆரம்பித்தார். பாய் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் முகத்தில் ஏதோ அணைந்ததைப் போல இருந்தது. "உங்களுக்கு டீ சொல்லட்டுங்களா?" என்று முடித்தார் அக்கா. பாய் அன்றைக்கு இரண்டு டீ குடித்தார். நாலாம் நம்பர் பெண் அந்த வாரம் வரவேயில்லை. பரீட்சையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் சோமனூரில் எங்கள் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"கண்ணு, டெக்சாஸ்ல இருந்து ஒருத்தரு எழுதியிருக்கறாரு. நம்மளுக்கு மாமன் மொறையாமா. அவரு தம்பி புள்ளைக்கு உன்ற ஜாதகம் வேணுமாமா. நீ என்னமோ மாடுன்னு பேரு வெச்சுக்கிட்டு எழுதறயாமே?"

அரசாங்கம் என்னைக் கண்டுபிடித்ததோ இல்லையோ, டெக்சாஸ் மாமன் கதவு எண்ணோடு கண்டுபிடித்துவிட்டார். ஒரு பக்கம் நிம்மதி. அவர் அதிகாரிக்குச் சொந்தமில்லை. இன்னொரு பக்கம் கிலி. மாப்பிள்ளை தேடுகிறவருக்கே இது முடிந்தால் டில்லிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இரவெல்லாம் ராஜினாமாக் கடிதத்துக்கு வாசகம் யோசித்தேன். அதையும் இடது கையால்தான் எழுதுவதாக முடிவு செய்திருந்தேன்.

எஸ்.ஐ. கொடுத்த வாரம் முடிந்த மறுநாள், அதிகாரி கூப்பிட்டார். மறுபடியும் கதவைச் சாத்தச் சொன்னார். என் ஃபைல் அவருக்கு முன்னால் திறந்திருந்தது.

"உக்காருங்க" என்றார். அந்த அறையில் அதற்கு முன்னால் யாரும் என்னை உட்காரச் சொன்னதில்லை. "ஒரு வாரமா எனக்கு மனசே சரியில்லீங்க. உங்களுது கையெழுத்துப் போடோணும்னு எடுத்து வெச்சது, அப்படியே கெடக்குது."

"பரவால்லீங்க சார்" என்றேன். குரல் ஆட்டின் குரலாகவே வந்தது.

"எந் தங்கச்சி புள்ளைங்க. பொள்ளாச்சியில இருக்குது, இங்க காலேஜு. நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிச்சிருந்தோம், அதுக்குள்ள காணாமப் போயிருச்சு. அந்தப் பேக்கரி மாடிக்குப் போகும்னு கூடப் படிக்கறவங்க சொன்னாங்க. எவனோ ஒரு பையனுக்குத்தான் எழுதியிருக்கும்னு நெனச்சு, எஸ்.ஐ. நம்ம பங்காளி, அவருகிட்டச் சொல்லி உட்டேன். நீங்க அங்க போறவரா இருந்தா பாத்திருப்பீங்களோன்னுதான் அன்னைக்குக் கேட்டேன். நீங்கதான் கண்ணுல தண்ணி வரும்னு சொல்லிப்போட்டீங்களே."

நாலாம் நம்பர்.

"அப்பறமுங்க சார்?"

"நேத்துக் கடுதாசி வந்துச்சு. பையனும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. டில்லியில மேல்படிப்புக்கு எடம் வாங்கியிருக்குது, ஹாஸ்டலோட. அந்த மாடியில உக்காந்து காலேஜுக்கு எழுதியிருக்குது. படிச்சு முடிச்சுப்போட்டு வாரேன்னு போட்டிருக்குது. எந் தங்கச்சி அழுவறா. இனி என்னத்தப் பண்றது?" பேனாவைத் திறந்தார். "அந்தக் கடைக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை வாங்க முடியலீங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரயிலடியிலயே புடிச்சுக் கூட்டிட்டு வந்திருப்போம்."

கையெழுத்துப் போட்டார். நான் நிரந்தரமானேன். இன்டர்நெட்டில் ஒரு பலகை இருப்பதே அவருக்குத் தெரியாது. ஓய்வு பெறுகிறவரைக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் சொல்ல ஓடினேன். மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. கம்ப்யூட்டரையெல்லாம் முந்தின நாளே ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று டீ மாஸ்டர் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

தேடிய பெண் கிடைத்துவிட்டதால் எஸ்.ஐ. அந்தக் கடைப் பக்கம் திரும்பி வரவே இல்லை.